சேவை வழிக் கற்றல் பயணம்: ஒரு வாரம் ஊருக்குப் போகும் மாணவர்கள் எதைக் கற்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளில் மார்ச் மாதவாக்கில் ஒரு வாரம் விடுமுறை விடுவார்கள். ஸ்பிரிங் பிரேக் என்று பெயர். பனி விலகி வெயில் தலைகாட்டும் நேரம் அது. மாணவர் கூட்டம் புளோரிடா கடற்கரைகளில் போய் நிறையும். அதே வாரத்தில் அதே புளோரிடாவுக்கு இன்னொரு சாராரும் கிளம்புகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேனில் ஏறி, கடற்கரைப் பக்கம் திரும்பாமல், உள்ளே தள்ளி இருக்கும் இமோக்கலி என்ற சிற்றூருக்குப் போகிறார்கள். தேவாலயக் கூடம் போன்ற இடத்தில் தரையில் படுத்துக்கொள்கிறார்கள். சமையலைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் அன்றைய வேலைக்காக விடிவதற்கு முன்பே காத்து நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், கேட்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகைப் பயணத்தை அங்கே ஆல்டர்நேட்டிவ் பிரேக் என்கிறார்கள். மாற்று விடுமுறை என்று வைத்துக்கொள்ளலாம். சேவை வழிக் கற்றல் என்ற கல்வி முறையின் ஒரு வடிவம் இது. நம் ஊர் என்.எஸ்.எஸ். சிறப்பு முகாமும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் நன்றாகச் செய்வது எது, விட்டுவிடுவது எது என்பது தெளிவாகத் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

ஒரு கல்லூரி மாணவி ரத்த தானம் செய்கிறாள். அது சேவை. சர்க்கரை ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுகிறாள். அது களப்பயணம். ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை பழகுகிறாள். அது இன்டர்ன்ஷிப். சேவை வழிக் கற்றல் இந்த மூன்றிலும் சேராது. அதில் ஒரு சமூகப் பிரச்சினையை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்: வீடில்லாமை, குடிநீர், பள்ளி இடைநிற்றல், கூலித் தொழிலாளர் நிலை என்று ஏதோ ஒன்று. அந்தப் பிரச்சினையோடு வாழும் மக்களிடம், அங்கே ஏற்கெனவே வேலை செய்துவரும் ஓர் உள்ளூர் அமைப்பின் வழியாகப் போகிறார்கள். அந்த அமைப்பு சொல்லும் வேலையைச் செய்கிறார்கள். செய்துகொண்டே, இது ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வியையும் விடாமல் கேட்கிறார்கள். வேலை செய்யும் கை ஓய்ந்த பிறகு உட்கார்ந்து பேசும் நேரமும் பயணத் திட்டத்தில் இருக்கும். அந்தப் பேச்சு இல்லையென்றால் அது வெறும் சேவை. வேலை இல்லையென்றால் வெறும் சுற்றுலா.

இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். அனுபவத்திலிருந்துதான் உண்மையான கல்வி பிறக்கிறது என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வலியுறுத்தினார். 1960களின் நடுவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் பகுதியில் வில்லியம் ராம்சே, ராபர்ட் சிக்மன் போன்றவர்கள் மாணவர்களை அந்த வட்டார வளர்ச்சிப் பணிகளோடு இணைத்தபோது, சேவை வழிக் கற்றல் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அப்புறம் 1980களில் பல கல்லூரிகளில் விடுமுறைப் பயணங்களாக இது வளர்ந்தது. 1991இல் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியிலிருந்து பிரேக் அவே என்ற அமைப்பு உருவாகி, நல்ல பயணம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறை செய்து மற்றக் கல்லூரிகளுக்கும் பயிற்சி தந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

அந்த வரையறையில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேன் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே பயணம் தொடங்கிவிடுகிறது. குழுவை நடத்துவதும் பெரும்பாலும் மாணவர்களே. இரண்டு பேர் பொறுப்பேற்பார்கள். போகப்போகும் ஊரின் வரலாறு, அங்குள்ள சட்டம், அந்த மக்களின் மொழி, எதைச் செய்யக்கூடாது, எதைக் கேட்கக்கூடாது எல்லாவற்றையும் வாராவாரம் கூடிப் படிக்கிறார்கள். செய்யப்போகும் வேலைக்கான பயிற்சியும் எடுத்துக்கொள்கிறார்கள். பயணத்தில் மது, போதைப்பொருள் கிடையாது என்பது கறாரான விதி. திரும்பி வந்த பிறகு மறுபடி கூடி, இனி இந்த ஊரிலிருந்தபடியே என்ன செய்வது என்று பேசுவதும் பயணத்தின் பகுதிதான்.

மாலைப் பேச்சுக்குப் பல குழுக்கள் மூன்று எளிய கேள்விகளைப் பயன்படுத்துகின்றன. இன்று என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? முதல் கேள்விக்குக் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "பாவம்", "கஷ்டப்படுகிறார்கள்" என்றெல்லாம் இழுக்கக்கூடாது. இரண்டாவது கேள்வியில் காரணம் தேட வேண்டும். மூன்றாவதில் அடுத்த காரியம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளை முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதற்கு நகர்த்துவது எளிதல்ல என்பது, முகாம் நடத்திய எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும்.

இமோக்கலியின் வாளி

சரி, இமோக்கலிக்கு வருவோம். நான் அறிந்தவரை சேவை வழிக் கற்றலைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் விளையும் தக்காளியில் பெரும்பகுதி புளோரிடாவில்தான் விளைகிறது. அதைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் தங்கும் ஊர் இமோக்கலி. பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் நேப்பிள்ஸ் கடற்கரை நகரம் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். இரண்டும் ஒரே மாவட்டம்.

தக்காளி பறிப்புக்கு வாளிக் கணக்கில் கூலி. ஒரு வாளி 32 பவுண்டு, அதாவது பதினாலரைக் கிலோ. 2000களின் தொடக்கத்தில் ஒரு வாளிக்குக் கிடைத்தது 40 முதல் 50 சென்ட் வரை. குறைந்தபட்சக் கூலி அளவுக்குச் சம்பாதிக்கவே ஒருவர் ஒரு நாளில் இரண்டு டன் அளவுக்குப் பறித்தாக வேண்டியிருந்தது. காலி வாளியோடு குனிந்து, நிறைத்து, தோளில் ஏற்றி, லாரிக்கு ஓடி, வீசிக் கொடுத்து, திரும்பி ஓடி வர வேண்டும். மழை பெய்தால், பனி ஈரம் காயாவிட்டால், காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது.

இங்கே வரும் ஒரு மாணவர் குழு என்ன செய்ய முடியும்? பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரலாம். உணவு வங்கியில் பொட்டலம் கட்டலாம். ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். எல்லாம் தேவையான வேலைகள்தான். ஆனால் அவற்றால் வாளியின் விலை ஒரு சென்ட்கூட ஏறாது. அங்கேதான் 'ஏன்' என்ற கேள்வி வந்து நிற்கிறது.

ஏன் இவர்களுக்குச் சங்கம் வைத்துப் பேரம் பேசும் சட்டப் பாதுகாப்பு இல்லை? 1935இல் அமெரிக்கா தொழிற்சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயத் தொழிலாளர்களை அதிலிருந்து விலக்கியது. 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் அவர்களை விலக்கியது. அப்போது தென் மாநிலங்களில் வயலில் உழைத்தவர்களில் ஏராளமானோர் கறுப்பின மக்கள். அவர்களுக்கு இந்த உரிமை போவதை விரும்பாத தென் மாநில அரசியல்வாதிகளின் ஆதரவு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்பதால் வந்த விலக்கு அது. குறைந்தபட்சக் கூலி பண்ணைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்காவது வந்தது 1966இல்தான். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கு இன்றும் நீங்கவில்லை. அதாவது விடியற்காலையில் வண்டிக்காகக் காத்து நிற்பவரின் நிலைமைக்கும், எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு தலைநகரில் நடந்த ஒரு பேரத்துக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. வெள்ளையடிக்கும் மாணவருக்கு இது தெரியாவிட்டால், 'படிப்பில்லாததால் இவர்கள் இப்படி இருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவார். பயணம் போகாமல் இருந்ததைவிட அது மோசம்.

இரண்டாவது ஏன்: தக்காளி விலையைத் தீர்மானிப்பது யார்? பண்ணைக்காரரா? அவரும் பாதி கைதிதான். டன் டன்னாக வாங்கும் பெரிய உணவக நிறுவனங்களும் பேரங்காடிகளும் விலையை அழுத்துகின்றன. அந்த அழுத்தம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் வாளி தூக்குபவர் தோளில் உட்காருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் வெளியிலிருந்து போன மாணவர்கள் அல்ல, தொழிலாளர்களே. 1993இல் ஒரு தேவாலய அறையில் கூடத் தொடங்கி, இமோக்கலித் தொழிலாளர் கூட்டமைப்பு என்ற அமைப்பைக் கட்டியவர்கள் அவர்கள். 2001இல் டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் தொடங்கினார்கள். கேட்டது இதுதான்: பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடக் கொடுங்கள், அது தொழிலாளர் கையில் சேர வேண்டும்.

டாக்கோ பெல்லின் முக்கிய வாடிக்கையாளர் யார்? கல்லூரி வயது இளைஞர்கள். பல கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே அதன் கடைகள் இருந்தன. தொழிலாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த மாணவர்கள், தங்கள் வளாகத்தில் இந்தக் கடை வேண்டாம் என்று இயக்கம் நடத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கல்வி வளாகங்களில் கடை அகற்றப்பட்டது, அல்லது வரவிடாமல் தடுக்கப்பட்டது. 2005 மார்ச்சில் டாக்கோ பெல்லின் தாய் நிறுவனம் அந்த ஒரு சென்டுக்கு ஒப்புக்கொண்டது. பிறகு மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங் என்று வரிசையாக வந்தன. 2011 முதல் நியாய உணவுத் திட்டம் என்ற பெயரில் அது புளோரிடாவின் பெரும்பாலான தக்காளிப் பண்ணைகளில் நடைமுறைக்கு வந்தது. வயலில் நிழல், குடிநீர், பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் செய்ய இருபத்து நாலு மணி நேரத் தொலைபேசி எண் எல்லாம் அதில் அடக்கம். விளிம்புக்கு மேலே கோபுரமாக வாளியை நிறைக்கச் சொல்லக்கூடாது என்றும் ஒரு விதி வந்தது. அதுவரை வாளிக்கு மேலே குவிந்த தக்காளிக்குக் கூலியே இல்லை.

பவுண்டுக்கு ஒரு சென்ட் என்றால் வாளிக்கு 32 சென்ட். 45 சென்ட் கூலி வாங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாணவர்கள் இமோக்கலியில் செய்த வேலை சிறிது. ஊர் திரும்பித் தங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் செய்தது பெரிது. அதையும் தாங்களாக முடிவுசெய்து செய்யவில்லை. தொழிலாளர்கள் எங்கே கை கொடுக்கச் சொன்னார்களோ அங்கே கொடுத்தார்கள். சேவை வழிக் கற்றலின் சாரம் எனக்கு இதில்தான் இருக்கிறது. பயணம் போகிற ஊரில் பிரச்சினை தீர்வதில்லை. அங்கே அதன் வேரைப் பார்க்கிறோம். அந்த வேர் நம் ஊர்வரை, நம் தட்டுவரை நீண்டிருப்பது தெரிகிறது. நம் கைக்கு எட்டும் முனை எதுவோ அதைப் பிடிக்கிறோம்.

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. அடுத்த ஆண்டு வசந்த விடுமுறையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே போனார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, பூஞ்சை பிடித்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, வீடுகளை வெறும் மரச்சட்டமாக்கிக் கொடுத்தார்கள். வயதானவர்களால் கூலி கொடுத்துச் செய்திருக்க முடியாத வேலை அது. அதன் மதிப்பை யாரும் குறைக்க முடியாது. ஆனால் வீட்டைத் திருப்பிக் கட்ட அரசு கொடுத்த மானியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டும் செலவு, புயலுக்கு முன்பிருந்த வீட்டின் சந்தை விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வீட்டின் சந்தை விலை எப்போதுமே குறைவு. ஆகவே அதே சேதத்துக்கு அவர்களுக்குக் குறைந்த பணம் கிடைத்தது. வழக்குப் போட்டு, 2011இல்தான் சமரசம் ஏற்பட்டது. சுவரைப் பெயர்த்த மாணவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு திரும்பினார்களோ, அத்தனை பேருக்கு அது சேவை வழிக் கற்றல். மற்றவர்களுக்கு நல்ல உழைப்பு, அவ்வளவுதான்.

"உதவ வராதீர்கள்"

இந்தப் பயணங்களைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களைக் கேட்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்களின் மாநாடு ஒன்றில் இவான் இல்லிச் பேசினார். பாதிரியாராக இருந்தவர், மெக்சிகோவின் குவெர்னவாகா நகரத்தில் வாழ்ந்தவர். அவர் மாணவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதன் சாரம்: எங்கள் மலைகளில் ஏற வாருங்கள், பூக்களை ரசிக்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள். மொழி தெரியாத, வேலை தெரியாத, யாரும் அழைக்காத ஒருவர் தன் நல்ல மனதை மட்டும் நம்பி வந்து இறங்குவது அந்த மக்கள் மேல் தன்னைத் திணிப்பதாகும் என்பது அவர் வாதம்.

அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பேச்சு சேவை வழிக் கற்றல் வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது. சரியாகவே வாசிக்கப்படுகிறது என்பேன். கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் பணத்தை நம்பியே அனாதை இல்லங்கள் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தார்கள். வாரத்துக்கு ஒரு புது அண்ணன், புது அக்கா வந்து மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தைக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவு. நல்ல மனதோடு போனவர்கள்தான் இதற்கும் காசு கொடுத்தார்கள். ஆகவே, பயிற்சியும் நீண்டகாலத் தொடர்பும் இல்லாமல் குழந்தைகள் இல்லங்களுக்குப் போகும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இல்லிச் சொன்னதை முழுதாக ஏற்றால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "படிக்க வாருங்கள்" என்ற பாதியை அவரே திறந்து வைத்திருக்கிறார். இமோக்கலி மாணவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

நம் முகாம்கள்

இனி நம் பக்கம். நாட்டு நலப்பணித் திட்டம், நாம் எல்லோரும் சொல்லும் என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. அப்போது 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். மாணவர்கள் தாமாக விரும்பிச் சேரும் சேவைத் திட்டம் வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு முன்பே சொல்லியிருந்தது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். "எனக்காக அல்ல, உனக்காக" என்பது திட்டத்தின் முழக்கம்.

அமெரிக்கப் பயணங்களுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு: தத்தெடுத்த கிராமம். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. இந்த ஆண்டுக் குழு விட்ட இடத்தில் அடுத்த ஆண்டுக் குழு தொடரலாம். ஊர்க்காரர்களுக்கும் கல்லூரி பழகிவிடும். இன்னொன்று, செலவு. அங்கே பயணம் போக மாணவர்கள் கையிலிருந்து போட வேண்டும், நிதி திரட்ட வேண்டும். இங்கே முகாமுக்கு அரசு நிதி வருகிறது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் போக முடிகிறது. கிராமத்திலிருந்து படிக்க வந்த பிள்ளையே இன்னொரு கிராமத்துக்கு முகாம் போகிறது. ஏழ்மையை முதன்முதலாகப் பார்க்கும் அதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதுவும் ஒரு வலிமை.

குறை எங்கே? தமிழ்நாட்டில் முகாம் போனவர்களுக்கு இந்த அட்டவணை பழக்கமாக இருக்கும். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். தொடக்க விழா, பொன்னாடை, முகாம் பேனர். காலையில் கோயில் வளாகத்தில் உழவாரப்பணி, பள்ளி மைதானத்தில் புல் செதுக்குதல், சீமைக்கருவேலம் வெட்டுதல், மரக்கன்று நடுதல். மதியம் சாப்பிட்டதும் சிறப்பு விருந்தினர் சொற்பொழிவு. நடுவில் ஒரு நாள் கண் பரிசோதனை முகாம். மாலையில் வீதி நாடகம், கலை நிகழ்ச்சி. ஏழாம் நாள் நிறைவு விழா. இதில் தவறான வேலை என்று ஒன்றும் இல்லை. ஆனால் 'அதனால் என்ன?' என்று கேட்க ஓர் அரை மணி நேரம்கூட அட்டவணையில் இருப்பதில்லை. ஊர்க்காரர்கள் பேச, மாணவர்கள் கேட்கும் நேரமும் அரிது. பெரும்பாலும் மாணவர்கள்தான் ஊருக்கு 'விழிப்புணர்வு' தருகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். தெருவைப் பெருக்குவது எல்லா முகாமிலும் உண்டு. முப்பது மாணவர்கள் ஒரு காலைப்பொழுது துடைப்பம் பிடித்தால் ஊர் பளிச்சென்று ஆகிவிடும், படமும் எடுத்துக்கொள்ளலாம். அதே தெருவை மற்ற எல்லா நாளும் பெருக்குகிறவர் அந்த ஊராட்சியின் தூய்மைக் காவலர். பெரும்பாலும் ஒரு பெண். அவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது? மாதாமாதம் சரியாக வருகிறதா? கையுறை கொடுக்கிறார்களா? சேகரித்த பிளாஸ்டிக்கை எங்கே கொண்டுபோய்ப் போடச் சொல்கிறார்கள்? அவர் வீடு ஊருக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது, ஏன் அந்தப் பக்கம்? இந்த வேலை ஏன் ஒரு சில சாதிக்காரர்கள் தலையிலேயே விழுகிறது? முகாமின் முதல் நாள் அந்த அம்மாவோடு இரண்டு மணி நேரம் கூடவே நடந்து, அவர் சொல்கிறபடி வேலை செய்து, மாலையில் இந்தக் கேள்விகளை வைத்துப் பேசினால், வாளியின் விலையைப் பற்றி இமோக்கலி மாணவர்கள் கற்ற அதே பாடத்தை நம் மாணவர்கள் நம் ஊரிலேயே கற்கலாம். அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றால் அது நடக்காது. அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பொன்னாடை உதவாது.

நம்மிடமே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி, நோயைப் படிக்கும் முன்பு நோய் வருகிற வீட்டைப் படிக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்தில் உள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் ஊர் தங்கல் பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்குகிறார்கள். தெருவில் கோலப்பொடியாலும் வண்ணப்பொடியாலும் ஊரின் வரைபடத்தை அவர்கள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏரி, வாய்க்கால், கிணறு, பள்ளி, ரேஷன் கடை எல்லாம் அதில் வரும். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்பார்கள். அருமையான கருவி அது, ஒரு நிபந்தனையோடு: பொடி ஊர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும். மாணவிகள் அழகாகப் போட்டுவிட்டு ஊர்க்காரர்களைச் சுற்றி நிற்கவைத்தால் அது கோலம். பாட்டி ஒருவர் குச்சியை வாங்கி, "வாய்க்கா இங்க இருந்துச்சு, இப்ப அதுமேலதான் கட்டடம் நிக்குது" என்று கோடு கிழித்தால், அங்கே கற்றல் தொடங்கிவிட்டது.

நீங்கள் போவதாக இருந்தால்

கல்லூரி முதலாண்டில் என்.எஸ்.எஸ். அறிவிப்பு வரும்போது பேர் கொடுங்கள். வேறு தன்னார்வ அமைப்பு நடத்தும் பயணமென்றால் சேரும் முன்பு சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களை வரச் சொன்னது யார்? ஊரில் எந்த அமைப்பு, எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறது? நாங்கள் போகாவிட்டால் இந்த வேலையை உள்ளூரில் யாராவது கூலிக்குச் செய்வார்களா? செய்வார்களென்றால், நாம் அவர்கள் பிழைப்பில் கை வைக்கிறோம். வேறு வேலை கேளுங்கள். நாம் கட்டும் பணத்தில் ஊருக்குப் போவது எவ்வளவு? இதற்கெல்லாம் தெளிவான பதில் சொல்லும் அமைப்பை நம்பலாம். மழுப்பினால் விலகிக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதி கேட்காமல் யார் முகத்தையும் எடுக்க வேண்டாம், குழந்தைகளைக் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் கிழிந்த சேலையோடு உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒரு மாணவர் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

கிளம்பும் முன்பு ஊராட்சியின் பழைய கிராம சபைத் தீர்மானங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் வாயால் எதைக் கேட்டார்கள், எது நடக்கவில்லை என்பது அதில் இருக்கும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முகாமுக்கு முந்தைய சபைக்கு நாலைந்து பேர் போய்ப் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். அங்கே பேசுவது யார், பேசாமல் நிற்பது யார் என்று கவனித்தாலே முகாமில் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முகாம் முடிந்ததும் எழுதும் அறிக்கை கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறது. அதன் ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டும். குடிநீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு வரவில்லை, எத்தனை முதியவர்களின் ஓய்வூதிய மனு நிலுவையில் இருக்கிறது என்று நீங்கள் வீடு வீடாக எடுத்த கணக்கு ஊருக்குச் சொந்தமானது. அடுத்த கிராம சபையில் ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது கணக்கு எடுத்தவர்களில் இரண்டு பேராவது கூட்டத்தில் இருந்தால் நல்லது. அந்தத் தேதியை முகாம் அட்டவணையிலேயே எட்டாம் நாளாக எழுதிவைக்கச் சொல்லி உங்கள் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.